பதினோரு வினாடி

ஜூரிகளின் முகம் விழக் கூடாது,
காலணி விழுந்தால் பரவாயில்லை
என்றார் நீதிபதி ஓல்டென்காம்ப்.
ஆகவே அந்தப் பன்னிரண்டு பேரை
நான் காலணியால்தான் அறிவேன்.
மூன்றாமவர் குதிகாலில் உலர்ந்த சாணம்.
ஏழாமவர் பிணப் பரிசோதனை அறிக்கை படிக்கப்படும்போது
கட்டைவிரலால் செருப்பைக் கழற்றி, மாட்டி,
மறுபடி கழற்றினார்.

மூன்று தொலைக்காட்சிக்கும் சேர்த்து ஒரே கேமரா.
நாற்காலிகளுக்குப் பின்னால் என் முக்காலி.
சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப்:
எப்போது பார்க்கிறேன் என்று
பார்க்கப்படுகிறவருக்குத் தெரியக் கூடாதாம்.

வெளியே அயோவாவின் ஜனவரி.
அறுத்த சோளத்தின் தட்டைகள்
பனிக்கு மேல் மழிக்காத தாடியாய்.

மத்தேயோ இபார்ரா, வயது பதினேழு,
எஃகுக் குதிருக்குள் இறங்கி
கட்டிப்போன சோளத்தைக் கம்பியால் குத்திக்கொண்டிருந்தபோது
கீழே மோட்டாரைப் போட்டது யார்?
வழக்கு அவ்வளவுதான்.
முதலாளி ட்வைட் ரூலோஃப்ஸ்
போலீஸ் கார் நிற்பதற்குள் ஓடி வந்து சொன்னாராம்,
உள்ளே யாரும் இல்லை என்று.
எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதை
இத்தனை நேர்ப்பொருளில்
நான் கேட்டதே இல்லை.

அவருடைய வக்கீல் முதல் நாள் சாம்பல் நிற டை.
அன்றிரவு தன்னையே டிவியில் பார்த்திருப்பார்,
மறுநாளிலிருந்து நீலம்.
ஜூரியைப் பார்த்துப் பேசுவார்,
என்னைப் பார்த்து நிறுத்துவார்.
நான் படம் எடுத்தேன்,
அவர் படம் காட்டினார்.

இதையும் சொல்லிவிட வேண்டும்.
மோட்டாருக்குப் பூட்டுப் போடும் வழக்கமே எங்களிடம் இல்லை
என்று மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டது செவ்வாய்க்கிழமை.
புதன் காலை, இரண்டு மாவட்டம் தள்ளி,
ஒரு இரும்புக் கடைக்காரர் நிலையத்துக்குப் போன் செய்தார்:
திறந்ததும் ஒன்பது பூட்டு போயிடுச்சு.
அந்த ஒன்பதை
என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

அதே புதன், மதியம்.
எலோய் சாட்சி சொன்னான், ஸ்பானிய மொழியில்.
உள்ளே நின்னு பாடுவான், சுருதியே சேராது.
குதிர் அதைத் திருப்பிப் பாடும், அதுவும் சேராது.
நாங்க மேலேயிருந்து காதைப் பொத்திக்குவோம்.

கிராசியேலா இபார்ரா சிரித்தாள்.
பெற்றவள். இரண்டாம் வரிசை, ஓரம்.
நான்கு வினாடி.
என் லென்ஸ் அப்போது அவள் மேல் இருந்தது,
ஏனென்று கேட்காதீர்கள், அழுவாள் என்று காத்திருந்தேன்.
மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமி
ஆங்கிலத்தில் அதைச் சொல்லி முடிக்கப்
பதினோரு வினாடி ஆயிற்று.
நிலையத்தில் நான்கை எடுத்துக்கொண்டு
பதினொன்றை வெட்டிவிட்டார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் சிரிக்கிறாள்.
உலைவாயை மூடலாம்.
பெட்ரோல் பங்கில் காபிக்கு நிற்கையில்
எனக்கு முன்னால் நின்றவன் சொன்னான்,
நஷ்டஈட்டை எண்ணிப் பார்த்துட்டா போல.
சில்லறையை வாங்கிக்கொண்டு
நான் பேசாமல் வந்துவிட்டேன்.

வியாழன் காலை நீதிபதி கேட்டார்:
திருமதி இபார்ரா, கேமராவை வெளியே அனுப்பவா?
டேப்புக்கு அடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
முக்காலியின் ஒரு காலை
மடக்கவே தொடங்கிவிட்டேன்.

அவள் எழுந்தாள்.
நீலக் கோட்டின் பொத்தானைப் போட்டாள்.
சொன்னது கொஞ்சம்தான்.
பிறகு என் பக்கம் திரும்பி,
லென்ஸை அல்ல, அதற்கு மேலே இருந்த என்னைப் பார்த்தாள்.
மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருந்தேன்.
வினாடிகளை எண்ணினேன்.

இருக்கட்டும் என்கிறார்.
ஆனால் அந்த ஆள்
எலோய் சொன்னதோடு சேர்த்துக் காட்டட்டும் என்கிறார்.

முக்காலியின் காலை விரித்தேன்.
அன்று மாலைவரை எதையும் வெட்டாமல்,
இருமலோடு, நாற்காலி கிறீச்சோடு,
ஏழாமவரின் செருப்போடு
ஆறு மணி நேரம் பதிவு செய்தேன்.

ஐந்தரைக்கு நிலையத்திலிருந்து போன்.
இருபது வினாடி போதும் என்றார்கள்.